எந்த உப்பையும் தாங்கும் மடவைக்கு என்னதான் ஆபத்து?

பதிவு 1 – கழிமுகன்

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாக மடவை மீனைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். லின்னேயஸ் 1758-இல் மூகில் செஃபாலஸ் என்று பெயர் வைத்தாரே, அந்த மடவை. படிக்கப் படிக்க ஒரு கேள்வி பெரிதாகிக்கொண்டே போகிறது.

வெப்பக் கடல், மிதவெப்பக் கடல் என்று உலகம் முழுக்க ஏறக்குறைய எல்லாக் கரையோரத்திலும் இந்த மீன் இருக்கிறது. மத்தியதரைக் கடல், கருங்கடல், மேற்கு ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, தைவான், ஜப்பான், ஆஸ்திரேலியா, ஹவாய், மெக்சிகோ வளைகுடா என்று பட்டியல் நீள்கிறது. நன்னீரிலும் வாழ்கிறது, கடலிலும் வாழ்கிறது, கடலைவிட இரு மடங்கு உப்பான காயலிலும் வாழ்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதைக் ‘குறைந்த கவலை’ வகையில் வைத்திருக்கிறது.

அப்படியிருக்க, ஏன் பல நாடுகள் இதற்குத் தடைக்காலம், அளவுக் கட்டுப்பாடு, வலைத்தடை என்று சட்டம் போட்டிருக்கின்றன? ஏன் பல காயல்களில் மடவை குறைந்துபோனது என்று எழுதுகிறார்கள்? எதையும் தாங்கும் மீன் எதனால் குறைகிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதிவு 2 – நீள்கரை

நல்ல கேள்வி தம்பி. ‘எதையும் தாங்கும்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

கடல்நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு. இனி அதை வெறும் 35 என்றே எழுதுகிறேன். வளர்ந்த மடவை 0 முதல் 75 வரையிலான நீரில் பதிவாகியிருக்கிறது. இது உண்மையிலேயே பெரிய வீச்சு. மீனின் உடல்நீர் கடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்புதான் கொண்டது. ஆகவே உப்பு மிகுந்த நீரில் இருக்கும்போது உடலிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறது. மீன் கடல்நீரைக் குடித்து ஈடுசெய்கிறது. கூடவே உள்ளே வந்த உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. நன்னீருக்குள் போனால் எல்லாம் தலைகீழ்: தண்ணீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக அதை வெளியேற்ற வேண்டும், செவுள் செல்கள் நீரிலிருந்து உப்பைப் பிடித்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரே செவுள் இரண்டு எதிரெதிர் வேலைகளுக்கும் தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஆனால் இந்தத் திறமை பிறவியிலேயே வருவதில்லை. குஞ்சு ஏறக்குறைய 4 முதல் 7 சென்டிமீட்டர் நீளம் வந்த பிறகுதான் இவ்வளவு பரந்த உவர்ப்பைத் தாங்குகிறது. அதற்கு முன்பு அது வேறொரு மீன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 75 என்பது மடவையின் வாழ்க்கையில் ஒரு பகுதிக்கான எண் மட்டும்தான். அதை முழு வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பதிவு 3 – கழிமுகன்

அண்ணா, அப்படியானால் முட்டையும் இளங்குஞ்சும் எங்கே இருக்கின்றன? காயலில் சினை மீன்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்களே.

பதிவு 4 – நீள்கரை

சினை முற்றுவது காயலிலும் கழிமுகத்திலும். முட்டையிடுவது கடலில். காயலில் சினை மீன் தெரிவதும் அதனால்தான், அங்கே முட்டை தெரியாததும் அதனால்தான்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வளர்ந்த மீன்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து முகத்துவாரம் வழியாக வெளியே போகின்றன. மெக்சிகோ வளைகுடாவில் கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆழ்கடலின் மேற்பரப்பில் முட்டையிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெண் மீன் தன் உடல் அளவைப் பொறுத்து 5 லட்சம் முதல் 20 லட்சம் முட்டை வரை இடும். முட்டைக்குள் ஒரு எண்ணெய்த் துளி இருப்பதால் கடல்நீரில் மிதக்கும். நீர் நன்னீராகிவிட்டால் மிதவை குறைந்து கீழே போய்விடும். சுமார் 48 மணி நேரத்தில் 2.4 மில்லிமீட்டர் அளவில் குஞ்சு வெளிவருகிறது. 16 முதல் 20 மில்லிமீட்டர் வந்ததும் கரை நோக்கி வந்து, முகத்துவாரம் தேடி உள்ளே நுழைகிறது.

ஆக, ஒவ்வொரு மடவையும் தன் வாழ்நாளில் குறைந்தது இரண்டு முறை அந்த வாயிலைக் கடக்க வேண்டும். குஞ்சாக உள்ளே, மூன்று நான்கு ஆண்டு கழித்துச் சினையோடு வெளியே. அந்த வாய் திறந்திருக்கிறதா என்பதுதான் எனக்கு எப்போதும் முதல் கேள்வி. நீரின் உப்பு எவ்வளவு என்பதை அடுத்துத்தான் கேட்பேன்.

பதிவு 5 – சேற்றுவயல்

நீள்கரை சொன்னதோடு வாழிடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் மடவையை ‘அழுக்குத் தின்னும் மீன்’ என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

மடவை சேற்றை வாயில் அள்ளுகிறது, உண்மைதான். ஆனால் அது தேடுவது சேற்றின் மேல் படிந்திருக்கும் நுண்பாசியையும் மட்கிய தாவரத் துகளையும்தான். செவுள்முட்கள் சல்லடைபோல் நுண்துகளை வைத்துக்கொண்டு பெருமணலை வெளியே விடுகின்றன. வயிற்றின் ஒரு பகுதி கோழியின் அரைவைப் பைபோலத் தடித்த தசைச் சுவர் கொண்டது. உள்ளே போன மணல் துகள்களே அங்கே அம்மிக்கல்லாகி, பாசியின் கடினமான ஓட்டை அரைக்கின்றன. அதன் பிறகு உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு நீண்ட குடல்.

இதன் பொருள் என்ன? வெயிலில் விளைந்த பாசி, இடையில் வேறு உயிரே இல்லாமல் நேராக அரை மீட்டர் நீள மீனாக மாறுகிறது. அந்த மீனைத்தான் விரால் அடிப்பான் பருந்தும், கூழைக்கடாவும், ஓங்கிலும் (டால்பின்), சீலாவும் தின்கின்றன. இவ்வளவு குறுகிய உணவுச் சங்கிலி கடலோரத்தில் அபூர்வம். ஆகவே ஆழமில்லாத, மென்சேறு படிந்த, வெளிச்சம் அடிவரை எட்டும் இடம்தான் மடவைக்கு வயல். அந்த ஆழமில்லாத ஓரங்களைத்தான் நாம் முதலில் மண் கொட்டி மேடாக்குகிறோம்.

மடவை துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் யாரும் துரத்தாதபோதும் துள்ளும். நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும்போது துள்ளல் கூடுவதைக் கவனித்து, தொண்டையின் மேற்பகுதியில் காற்றைப் பிடித்துக்கொள்ளவே அது துள்ளுகிறது என்று விளக்கியிருக்கிறார்கள். மாலையில் துள்ளல் கூடியிருந்தால் நான் நீரைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

சேற்றிலிருந்து உண்பதால் சேற்றில் சேர்ந்த எல்லாமும் அதற்குள் போகிறது. கன உலோகங்களை அளக்க மடவையைப் பல நாடுகளில் காட்டிமீனாகவே பயன்படுத்துகிறார்கள். ஹாங்காங்கில் பிடித்த காட்டு மடவைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் வயிற்றில் நுண்நெகிழி இருந்தது. உப்பைத் தாங்குவது வேறு, நஞ்சைத் தாங்குவது வேறு. இரண்டையும் ஒரே ‘உறுதி’ என்று சொல்லிவிடக் கூடாது.

பதிவு 6 – பெருநாரை

நீங்கள் மூவரும் சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் மாற்றுக் கருத்து உண்டு.

பாதுகாப்புக்கான பணமும் ஆளும் எல்லா இடத்திலும் குறைவு. ஒரே ஆற்றில் மட்டும் வாழும் மீன்கள், அழிவின் விளிம்பில் நிற்கும் சுறாக்கள், கொம்புத் திருக்கைகள் எல்லாம் காத்திருக்கும்போது உலகமெங்கும் இருக்கும் மடவைக்குத் தனித் திட்டம் தேவையா? ஒரு பெண் மீன் 20 லட்சம் முட்டை இடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தானாகவே மீளும் மீன் இது. ஃபுளோரிடாவைப் பாருங்கள். 1980-களின் பிற்பகுதியில் சினைக்காக அளவின்றிப் பிடித்தார்கள். 1994 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் மாநில அரசியலமைப்பையே திருத்தி, மாநில நீர்ப்பரப்பில் செவுள்வலையைத் தடைசெய்தார்கள். 1995 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது, மடவை மீண்டது. வலையை நிறுத்தினால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தத் தடையால் வலைத்தொழிலை இழந்த குடும்பங்களின் துயரத்தையும் நாம் மறக்கக் கூடாது.

பதிவு 7 – மரபுச்சரடு

பெருநாரையின் வாதத்தில் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: ‘உலகமெங்கும் இருக்கும் மடவை’.

ஒரே இனம்தானா என்பதே இன்று கேள்வி. செல்லுக்குள் இருக்கும் இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏவை ஒப்பிட்டபோது மூகில் செஃபாலஸ் என்ற ஒரே பெயருக்குள் 14 தனித்தனி மரபுக் கிளைகள் தெரிந்தன. வடமேற்குப் பசிபிக்கில் மட்டும் மூன்று: ஒன்று வடக்கின் குளிர்ந்த கரையோர நீரோட்டத்தோடு வருவது, ஒன்று குரோஷியோ வெந்நீரோட்டத்தைச் சார்ந்தது, மற்றொன்று தென்சீனக் கடல் பக்கம். தைவான் கரையில் இவை ஒன்றையொன்று சந்திக்கின்றன, ஆனாலும் கலப்பதில்லை. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. கண்ணை மூடும் அந்தத் தடித்த கொழுப்பு இமை, அகன்று தட்டையான தலை, முதல் முதுகுத் துடுப்பில் நான்கு முட்கள், எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

தென் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இருப்பது மூகில் லைசா என்ற வேறு இனம். அதையும் நீண்ட காலம் இதோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள்.

சிவப்புப் பட்டியல் கணிப்பு ஒரே பெயரைப் பார்த்துப் போடப்பட்டது. 14 கிளையையும் கூட்டிப் பார்த்தால் கவலை குறைவுதான். ஆனால் ஒரு கிளை ஒரு கரையில் மட்டும் இருந்து, அங்கே அது தேய்ந்தால், மற்ற 13 கிளைகளின் எண்ணிக்கை அதை மறைத்துவிடும். அந்த இடத்தை நிரப்ப வேறு கடலிலிருந்து மடவை வரப்போவதில்லை. அதற்குச் சினைபிடிக்கும் மாதமே வேறாக இருக்கும்.

பதிவு 8 – பெருநாரை

மரபுச்சரடு, இந்தக் கோணம் எனக்குப் புதிது. ஒத்துக்கொள்கிறேன்: ‘உலகமெங்கும் இருக்கிறது’ என்பதை வாதமாக நான் வைத்திருக்கக் கூடாது. ஆனால் முட்டை எண்ணிக்கை பற்றிய என் கருத்து இன்னும் நிற்கிறது என்றே நினைக்கிறேன். வலையைக் குறைத்தால் மீளும் என்பது பொய்யல்லவே.

பதிவு 9 – உவர்நிலா

வலை இல்லாமலேயே மடவை இல்லாமல் போன இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நான் நிறைய வாசித்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் செயின்ட் லூசியா ஏரி. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கழிமுக ஏரி அது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இன்று இசிமங்கலிசோ என்று அழைக்கப்படும் ஈரநிலப் பூங்காவின் பகுதியாக 1999-இல் உலக மரபுரிமைத் தலமானது. உள்ளே நீர்யானையும் முதலையும் ஒரே நீரில். குளிர்காலம் தொடங்கும்போது பெருங்கூட்டமாக மடவை ஏரியிலிருந்து கடலுக்குப் போவதும், குறுகிய பகுதிகளில் முதலைகள் அதற்காகக் காத்திருப்பதும் அங்கே ஆண்டுதோறும் நடந்த நிகழ்வு.

அந்த ஏரிக்கு நன்னீர் கொண்டுவந்த பெரிய ஆறு உம்ஃபொலோசி. அது வண்டல் கொண்டுவந்து வாயை அடைக்கிறது என்று கருதி, 1952-இல் ஆற்றுக்குத் தனி முகத்துவாரம் வெட்டிப் பிரித்துவிட்டார்கள். வண்டல் குறைந்தது, கூடவே நன்னீரும் போனது. 2002-இல் வறட்சியில் ஏரியின் வாய் மணலால் அடைபட்டது. ஆவியாகும் நீருக்கு ஈடாக வருவது எதுவும் இல்லை. 2006-இல் ஏரிப்படுகையில் ஏறக்குறைய 90 விழுக்காடு காய்ந்தது. எஞ்சிய நீரில் சில இடங்களில் உவர்ப்பு 200-ஐத் தாண்டியது.

75 தாங்கும் மீனுக்கு 200 என்றால்? எஞ்சிய மீன் செத்தது. அதைவிடக் கொடுமை, உயிரோடு இருந்த சினை மீனாலும் வெளியே போக முடியவில்லை, கடலில் பிறந்த குஞ்சாலும் உள்ளே வர முடியவில்லை. 2007 மார்ச்சில் புயல் அலை வாயைச் சிறிது காலம் உடைத்துத் திறந்ததும் கடல் குஞ்சுகள் உள்ளே பாய்ந்து வந்தன. வெளியே எத்தனை நாள் காத்திருந்தனவோ!

பெருநாரை, அங்கே எந்த வலையை நிறுத்தியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. 20 லட்சம் முட்டையும் கடலில் பொரிந்து, வீடு இல்லாத குஞ்சுகளாகவே முடிந்திருக்கும்.

பதிவு 10 – கழிமுகன்

உவர்நிலா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுதவே தோன்றவில்லை.

எதிர்த் திசையில் ஒரு சான்று சொல்லட்டுமா? ஒடிசாவின் சிலிகா ஏரி. 1981-இல் இந்தியாவின் முதல் ராம்சார் தலங்களில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களில்) ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கடலோடு சேரும் வாய் மணல் நகர்வால் தள்ளித் தள்ளிப் போய், நீண்ட கால்வாய் வழியாகத்தான் கடல்நீர் உள்ளே வர முடிந்தது. உவர்ப்பு குறைந்தது, நீர்க்களை பெருகியது. 1993-இல் ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் மாந்த்ரே பதிவேட்டில் சேர்த்தார்கள். 2000 செப்டம்பரில் ஏரிக்கு அருகிலேயே புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். 1999–2000-இல் 2,000 டன்னுக்கும் கீழே கிடந்த மொத்த மீன்பிடிப்பு சில ஆண்டுகளில் 10,000 டன்னைத் தாண்டியது. 2002-இல் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டது. சிலிகாவின் முக்கிய மீன்வகைகளில் மடவையும் ஒன்று.

அங்கே உப்பு மிகுதியால் அல்ல, உப்புக் குறைவால் சிக்கல். செயின்ட் லூசியாவில் உப்பு மிகுதியால். இரண்டுக்கும் மருந்து வாயிலில்தான் இருந்தது. அப்படியென்றால் எங்கே அடைபட்டாலும் இயந்திரம் கொண்டு வெட்டித் திறந்துவிடலாம் என்பதுதான் முடிவா?

பதிவு 11 – சேற்றுவயல்

அவசரப்படாதே தம்பி. வாயை வெட்டுவது அறுவை சிகிச்சை மாதிரி. சிலிகாவில் நீரோட்டத்தைக் கணக்கிட்டு, மாதிரி செய்து பார்த்து இடம் தேர்ந்தெடுத்தார்கள்.

பல சிறு காயல்கள் இயல்பாகவே சில மாதம் மூடி, மழைவெள்ளத்தில் தாமாக உடைந்து திறப்பவை. உள்ளே நீர்மட்டம் நன்றாக ஏறி உடையும்போது அந்த வேகத்தில் பல ஆண்டு மணலும் அடித்துக்கொண்டு போகும், வாய் அகலமாகி நீண்ட நாள் திறந்திருக்கும். ஓர வயலில் தண்ணீர் ஏறுகிறது என்று நீர்மட்டம் குறைவாக இருக்கும்போதே வெட்டிவிட்டால் வேகம் கிடைக்காது. வாய் சீக்கிரமே மூடிக்கொள்ளும், மணல் உள்ளேயே தங்கும், ஆழமில்லாத சேற்று ஓரங்கள் திடீரென்று காய்ந்துவிடும். நான் மேலே சொன்ன மடவையின் வயல் அதுதான். செயின்ட் லூசியாவில் 2021 ஜனவரியில் வாயைச் செயற்கையாக வெட்டியபோது ஆய்வாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்ததும், பிறகு அதை ஆராய நிபுணர் குழு அமைக்கப்பட்டதும் இந்தக் கவலையினால்தான்.

முதலில் ஆற்றுநீரைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது. ஆறு வந்தால் வாயை ஆறே பார்த்துக்கொள்ளும். செயின்ட் லூசியாவிலும் 2012 முதல் உம்ஃபொலோசியை மீண்டும் ஏரியோடு சேர்க்கும் வழிக்குத்தான் திரும்பினார்கள்.

எகிப்தின் சினாய் கரையில் பர்தாவில் காயல் வேறு மாதிரி. ஆறே இல்லாத பாலை நிலம், நீர் எப்போதும் கடலைவிட உப்பு. அங்கே கடல் வாயைத் தூர்வாரித் திறந்து வைக்காவிட்டால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அங்கே தூர்வாருவது தவிர்க்க முடியாதது. ஒரே மருந்து எல்லா ஊருக்கும் பொருந்தாது.

பதிவு 12 – நீள்கரை

பெருநாரையின் வலைப் பேச்சுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. சினைக்கான மீன்பிடிப்பு மற்ற மீன்பிடிப்பைவிட ஆபத்தானது. காரணம், அது முட்டையிடப் போகும் பெண் மீனையே, அதுவும் கூட்டமாகச் சேரும் ஒரே பருவத்தில் குறிவைக்கிறது. மூன்று நான்கு ஆண்டு எல்லா ஆபத்தையும் தப்பி வந்த மீன், தன் முதல் பயணத்திலேயே முடிந்துபோகிறது.

தைவானில், ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளை ஒட்டி வடக்கிலிருந்து குளிர்நீரோடு கூட்டம் கூட்டமாக மடவை இறங்கிவரும். 1980 வாக்கில் உச்சத்தில் இருந்த மீன்பிடிப்பு அதன்பின் மளமளவென்று சரிந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு ஒரு காரணம். கடல் வெப்பமடைந்து குளிர்நீர் எல்லை வடக்கே ஒதுங்கியது இன்னொரு காரணம். இரண்டும் ஒன்றாக வந்தால் தனித்தனியே அளப்பது கடினம்.

ஹவாயில் டிசம்பர் முதல் மார்ச் வரை மடவைக்குத் தடைக்காலம், 11 அங்குலத்துக்குக் குறைவாகப் பிடிக்கவும் கூடாது. பிரேசிலில் மூகில் லைசாவுக்கு 2018 முதல் பிடிப்பு வரம்பு வைத்தார்கள். இவையெல்லாம் தேவையான சட்டங்கள். நான் சொல்ல வருவது, ஃபுளோரிடாவில் வலைத்தடை பலித்ததற்குக் காரணம் அங்கே கழிமுகங்களின் வாய் திறந்திருந்தது. உள்ளே போக வழி இருந்ததால்தான் மிச்சமிருந்த முட்டைக்கு மதிப்பு வந்தது.

பதிவு 13 – பெருநாரை

நீள்கரை அண்ணா, இப்போது புரிகிறது. வலைத்தடையின் வெற்றியை வலையோடு மட்டும் சேர்த்து நான் பார்த்திருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

பதிவு 14 – துடுப்புக்காரன்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், வணக்கம். இவ்வளவு சிக்கல் ஏன்? பண்ணையில் வளர்த்து, குஞ்சுகளைக் காயலில் விட்டுவிடலாமே? எகிப்து உலகிலேயே அதிகமாக மடவை வளர்க்கும் நாடு என்று படித்தேன்.

பதிவு 15 – உவர்நிலா

வாருங்கள் துடுப்புக்காரன். பண்ணை என்றதும் எல்லோருக்கும் இந்த எண்ணம் வரும். ஆனால் எகிப்தின் பண்ணைகள் பெரும்பாலும் நம்பியிருப்பது காட்டுக் குஞ்சுகளைத்தான். கடலிலிருந்து முகத்துவாரத்துக்கு வரும் 2 சென்டிமீட்டர் குஞ்சை வலையால் பிடித்துக் குளத்தில் விடுகிறார்கள். ஆக, பண்ணை பெருகினால் காயலுக்குப் போக வேண்டிய குஞ்சு குறைகிறது. பிடித்து எடுத்துப்போகும்போது இறப்பதும் உண்டு, கூடவே வேறு மீன் குஞ்சுகளும் மாட்டிக்கொள்கின்றன.

பொரிப்பகத்தில் ஊக்குநீர் (ஹார்மோன்) ஊசி போட்டுச் சினைப்படுத்தும் முறையைத் தைவானிலும் ஹவாயிலும் பல பத்தாண்டுக்கு முன்பே உருவாக்கிவிட்டார்கள். முடியாத காரியம் இல்லை. ஆனால் குளத்தில் அடைபட்ட மடவைக்குக் கடல் பயணம் கிடைக்காததால் சினை தானாக முதிர்ந்து முட்டையிடுவதில்லை. முதல் சில வாரங்களில் நுண்ணுயிர் இரை கொடுத்துக் காப்பாற்றுவதும் செலவு பிடிக்கும் வேலை. காட்டுக் குஞ்சு மலிவாகக் கிடைக்கும் வரை பலர் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

பதிவு 16 – மரபுச்சரடு

காயலில் விடுவது பற்றி இன்னொரு எச்சரிக்கை. எந்தக் கிளையின் குஞ்சை எங்கே விடுகிறோம் என்று தெரியாமல் விட்டால், அந்தக் கரைக்கே உரிய கிளையை நாமே நெருக்கடியில் தள்ளுவோம்.

அசோவ் கடலில் நடந்ததைப் பாருங்கள். தூரக்கிழக்கிலிருந்து பிளானிலைசா ஹேமடோகைலா என்ற வேறொரு மடவையினத்தை 1970-கள், 80-களில் கொண்டுவந்து விட்டார்கள். அது நிலைபெற்று, கருங்கடலுக்குப் பரவி, ஏஜியன் கடல் வரை போய்விட்டது. மீன்பிடிப்பு பெருகியது என்று சொல்லலாம். உள்ளூர் மடவைகளோடு அது எவ்வளவு போட்டியிடுகிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விட்டதைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது.

பதிவு 17 – கழிமுகன்

ஒரு சின்னச் சந்தேகம். ஒரு மடவை நன்னீருக்குள் போய் வந்ததா, வாயைக் கடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? ஊகமா?

பதிவு 18 – நீள்கரை

ஊகம் இல்லை. மீனின் தலைக்குள் செவிக்கல் என்று ஒரு சிறு சுண்ணாம்புக் கல் உண்டு. மரத்தின் ஆண்டு வளையம்போல அது அடுக்கடுக்காக வளரும். கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் அதிகம், நன்னீரில் பொதுவாகக் குறைவு. கல்லை அறுத்து மெருகேற்றி, மையத்திலிருந்து விளிம்பு வரை ஸ்ட்ரான்ஷியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், பிறந்த நாள் முதல் பிடிபட்ட நாள் வரை எந்த நீரில் இருந்தது என்று வாசிக்கலாம்.

தைவானில் அப்படி வாசித்தபோது இரண்டு வகை வாழ்க்கை தெரிந்தது. சில மீன்கள் கழிமுகத்துக்கும் கடலுக்கும் இடையிலேயே இருந்துவிட்டன, நன்னீரைத் தொடவே இல்லை. சில ஆற்றுக்குள் போய் வாழ்ந்து திரும்பியிருக்கின்றன. ஆற்றுக்குள் போவது மடவைக்குக் கட்டாயம் இல்லை, ஒரு தேர்வு. தடுப்பணை கட்டும்போது அந்தத் தேர்வைப் பறிக்கிறோம். இனம் உடனே அழியாது, ஆனால் வறட்சியில் கழிமுகம் கெட்டுப்போனால் ஆற்றில் ஒதுங்கிப் பிழைக்க ஒரு கூட்டம் மிச்சம் இருக்காது.

பதிவு 19 – சேற்றுவயல்

மனிதர்களே இல்லாத பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது, அதனால் இது.

மொரித்தானியாவின் பாங் தார்கின் தேசியப் பூங்கா 1976-இல் உருவானது, 1989-இல் உலக மரபுரிமைத் தலமானது. கடற்புல் வெளி, சேற்றுத் திட்டுகள், பறவைகள். அங்கே வாழும் இம்ராகுவென் மக்கள் தலைமுறைகளாக மடவை பிடிப்பவர்கள். கூட்டம் கரையோரம் வரும்போது தண்ணீரைத் தடியால் அடிப்பார்கள். ஓங்கில்கள் கடல் பக்கமிருந்து வரும், மடவை இரண்டுக்கும் நடுவில் மாட்டும், இருவருக்கும் மீன். பூங்காவுக்குள் பாய்மரப் படகோடு அவர்கள் மீன்பிடிக்கலாம், இயந்திரப் படகுக்கு அனுமதி இல்லை. பிரேசிலின் லாகுனாவிலும் ஓங்கில் குறிப்புக் காட்ட, மீனவர் வீச்சுவலை வீசுகிறார்கள். அங்கே பிடிப்பது மூகில் லைசா.

இந்த இரண்டு இடத்திலும் மடவைக் கூட்டம் குறைந்தால் ஓங்கிலும் மனிதரும் சேர்ந்து கற்ற ஒரு பழக்கமே மறந்துபோகும். அதைச் சிவப்புப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் குறிப்பது?

பதிவு 20 – பெருநாரை

நான் வேலை செய்யும் குழுவில் ஒரு சிறு காயலின் வாயில் மதகு அமைக்கும் திட்டத்துக்குக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் தடுப்பதற்கான மதகு. முன்பாக இருந்தால் ‘மடவைதானே, தாங்கிக்கொள்ளும்’ என்று எழுதியிருப்பேன். இப்போது என்ன எழுதச் சொல்கிறீர்கள்? எந்த மாதம் திறந்து வைக்கச் சொல்வது?

பதிவு 21 – நீள்கரை

மாதத்தை எங்கிருந்தும் நகலெடுக்காதீர்கள். வட அரைக்கோளத்தில் பொதுவாக அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்கச் சினை மீன் வெளியேறும், தென் அரைக்கோளத்தில் அப்படியே புரட்டிப் போட்டது மாதிரி. ஆனால் மரபுச்சரடு சொன்னதுபோல் கிளைக்குக் கிளை மாறும். உங்கள் காயலில் சினை முற்றும் மாதத்தை அங்கே மீன்பிடிப்பவர்களிடமே முதலில் கேளுங்கள். அதற்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து முகத்துவார ஓரத்தில் வெள்ளி நிறக் குஞ்சு தெரிகிறதா என்று ஏற்றநீர் நேரத்தில் போய்ப் பாருங்கள். இந்த இரண்டு காலமும் மதகு திறந்திருக்க வேண்டும்.

திறப்பு கீழ்மட்டத்தில் மட்டும் இருந்தால் போதாது. குஞ்சு நீரின் மேல்பகுதியில், ஓரத்தை ஒட்டித்தான் வரும். 2 சென்டிமீட்டர் உடம்பால் வேக நீரை எதிர்த்து நீந்த முடியாது. ஆகவே கடல் ஏறத் தொடங்கும்போதே ஓரக் கதவு ஒன்றை மெதுவாகத் திறக்கும்படி கேளுங்கள், நீர் அதைச் சுமந்து உள்ளே கொண்டுபோகும். வயலுக்கு உப்பு ஏறும் மட்டத்துக்கு முன்பே மூடிவிடலாம், இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் கிடைக்கும்.

மதகின் வரைபடம் கிடைத்தால் இங்கே போடுங்கள். சேற்றுவயல் அக்காவும் பார்க்கட்டும், உள்ளே சேற்று ஓரம் எவ்வளவு காயும் என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.